மினரல் வூலை அமுக்கித் திணிக்காதீர்கள்

மினரல் வூல் என்பது பாறையையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கிச் செய்யும், பஞ்சு போன்ற வெப்பத் தடுப்புப் பொருள். அதில் வெப்பத்தைத் தடுப்பது அந்த இழைகள் என்பதைவிட, அவற்றுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காற்று என்பதுதான் சரி. அதனால்தான் இடம் போதவில்லை என்று அமுக்கித் திணித்தால் எனக்குக் கோபம் வரும்; காற்று போனால் பலனும் போச்சு. நனைந்தாலும் அதே கதைதான். பசால்ட் போன்ற பாறையைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கி, வேகமாகச் சுழலும் சக்கரங்களில் விட்டு இழையாக்குகிற ராக் வூல் எளிதில் தீப்பிடிக்காது, அதிகச் சூட்டையும் தாங்கும், ஆகவே கொதிகலன், நீராவிக் குழாய், தீத்தடுப்புக் கதவு என்று பல இடங்களில் உள்ளே இருக்கும். கண்ணாடியை இழையாக்குகிற கிளாஸ் வூல் எடை குறைவு, ஆனால் அவ்வளவு சூடு தாங்காது. அறைகளுக்கு இடைப்பட்ட சுவருக்குள் வைத்தால் சத்தமும் குறையும், எனக்குப் பிடித்த பயன் இதுதான். அரிப்பு? இருக்கத்தான் செய்யும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் வெட்ட உட்காராதீர்கள், அப்புறம் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி.