ஒரே இடத்தில் இரண்டு முறை

“தம்பி, அந்த எடத்துல மட்டும் ஏன் ரெண்டு தடவ குத்தினீங்க?”

ஏணியின் மேல்படியில் ஸ்க்ரூ டப்பாவைப் பிடித்தபடி நின்றிருந்த அந்த அம்மா கேட்டார். நான் அவருடைய டிரெய்லரின், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிற வீட்டு வண்டியின், கூரைமேல் முழங்காலிட்டிருந்தேன், கையில் மரத்தைக் குத்திப் பார்க்கிற குத்தூசி. “பழக்கம்மா, உறுதிப்படுத்திக்கத்தான்” என்றேன். அவர் தலையாட்டினார். நான் புதுப் பிளைவுட்டை இழுத்து, குத்திப் பார்த்த அந்த மரச் சட்டத்தின் மேல் பொருத்தி ஸ்க்ரூ முடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நடந்தது இவ்வளவுதான்.

என் பதில் முழுப் பொய் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் இரண்டாவது முறை குத்தினேன். ஆனால் எது உறுதியானது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நல்ல மரத்தில் குத்தூசியை அழுத்தினால் முனை கொஞ்சம் பதிந்து நின்றுவிடும், மரம் கையை எதிர்த்துத் தள்ளும். இற்றுப்போன மரத்தில் ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் பிடி வரை இறங்கும். இந்த இரண்டையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். சிக்கல் இதற்கு நடுவில் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து மூன்றாவது குறுக்குச் சட்டத்தில், இடது சுவரை ஒட்டிய முனையில், ஊசி நான் எதிர்பார்த்ததைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய் நின்றது. பக்கத்தில் இன்னொரு முறை குத்தினேன். அங்கேயும் அதே அளவு. வெளியே எடுக்கும்போது நார் பிரிந்து வரவில்லை; தூள் மாதிரி ஏதோ முனையில் ஒட்டியிருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்தேன். அந்தத் துடைப்பையும் அவர் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வந்தபோது அந்தக் கூரை ஏசியைச் சுற்றிக் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. நீளமான ஒரு மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து அளந்தால் நடுவில் ஒன்றரை அங்குலப் பள்ளம். இது தொடங்குகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஏசி, 14 அங்குலச் சதுரத் துளையின் விளிம்பில் மெல்லிய சட்டங்கள்மேல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த எடையைத் தூக்கிப் போடுகிறது. சட்டம் ஒரு நூலளவு தழைந்தால் மழைநீர் அங்கே தேங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 20 கிலோ. ஏசியின் எடையில் பாதியைக் கூடுதலாக ஏற்றியது போல. நிற்கிற தண்ணீர், இடுக்குகளை அடைக்கிற சீலன்ட்டில் வெடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும், பிளைவுட் ஊறும், பள்ளம் இன்னும் ஆழமாகும், அடுத்த மழையில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கும். அதனால்தான் தொய்வைப் பார்த்ததுமே வேலையைத் தொடங்கச் சொல்கிறோம்.

ஏசியை இறக்கினோம். கூரையை மூடியிருந்த ரப்பர் ஷீட்டைத் தேவையான அளவுக்கு வெட்டி மடித்தோம். ஏசித் துளையை ஒட்டிய இரண்டு சட்டங்களும் கையோடு வந்தன, பிளைவுட்டைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தொய்ந்த கூரையைத் தூக்க உள்ளே ஜாக்கி வைக்கும்போது முட்டுக்கட்டையின் அடி அடிச்சட்டத்தின் இரும்புமேல் நேராக உட்கார வேண்டும், இல்லையென்றால் கூரை ஏறுவதற்குப் பதில் தரை இறங்கும். கால் சுற்று திருப்பி, நிறுத்தி, மரம் முனகுவது அடங்கிய பிறகு அடுத்த கால் சுற்று. இரண்டு நாள் அதற்கே போனது. புதுச் சட்டங்கள், துளையைச் சுற்றிக் குறுக்குக் கட்டைகள், அலுமினிய ஆங்கிள், நடுவில் தண்ணீர் வழிந்தோட லேசான மேடு. இந்தப் பகுதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்றைக்கும் அந்த வேலையை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவேன்.

மூன்றாவது சட்டம் நாங்கள் திறந்த பகுதியின் எல்லை. பழைய பிளைவுட் பாதியும் புதுப் பிளைவுட் பாதியும் சேர்கிற இடம் அது. அதை மாற்ற வேண்டுமென்றால் ஷீட்டை இன்னும் ஒரு மீட்டர் முன்னால் கிழிக்க வேண்டும். முன்னறைக் காற்றுவழியைக் கழற்ற வேண்டும். பழைய ரப்பருக்கும் புது ரப்பருக்குமான ஒட்டு, காற்றுவழியின் மேலேயே வந்து விழும். ஒட்டு எங்கே வருகிறதோ அங்கேதான் அடுத்த கசிவு வரும் என்பது எங்களுக்குப் பாடம். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் இருந்தது, ஆனால் திறந்த கூரைக்குத் தார்ப்பாய் எவ்வளவு காவல் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ஈரப்பத மீட்டரையும் வைத்துப் பார்த்தேன். 14 காட்டியது. 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை மக்கவைக்கிற பூஞ்சை வளராது என்பதுதான் நாங்கள் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம்தான் யோசித்தேன். மூன்று நாளாகக் கூரை திறந்து கிடந்தது, உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. எந்த மரமும் 14 காட்டியிருக்கும். மீட்டர் சொல்வது இன்றைய ஈரத்தை மட்டும். நேற்றுவரை அந்த மரத்துக்கு என்ன ஆனது என்பதை ஊசிதான் சொல்லும். இந்த வித்தியாசத்தை வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு நானே பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஏசியின் எடை இப்போது அந்தச் சட்டத்தின் மேல் இல்லை. புதுச் சட்டங்கள்தான் அதைச் சுமக்கின்றன. மூன்றாவது சட்டம் தன்னையும் கொஞ்சம் பிளைவுட்டையும் தாங்கினால் போதும். கசிவை அடைத்தாயிற்று, காய்ந்த மரம் மேலும் மக்காது. மூன்று நான்கு மில்லிமீட்டர் மென்மை உள்ள சட்டத்தையெல்லாம் மாற்றத் தொடங்கினால் எந்தப் பழைய டிரெய்லரின் கூரையிலும் ஒரு கட்டை மிஞ்சாது. எங்கே நிறுத்துவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் என்னைவிட அனுபவம் உள்ளவர் யாரும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் சாவியைக் கொடுக்கும்போது நானே அவரிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது: “மூணு மாசத்துக்கு ஒரு தடவ மேல ஏறி சீலன்ட்ட பாத்துடுங்கம்மா. வெடிப்பு தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க.” ஏணி வைக்கிற கொக்கி அந்த டிரெய்லரின் இடதுபக்கம் இருந்தது. அவர் ஏறினால் முதலில் முழங்காலை ஊன்றுகிற இடம் மூன்றாவது சட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில். யாரும் மிதிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் விட்ட சட்டத்தின்மேல், மிதிக்கச் சொல்லி அனுப்பியதும் நான்தான். பலகை போட்டு அதன் மேல் ஏறுங்கள் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். எல்லோரிடமும் சொல்வேன். அவரிடமும் சொல்லியிருப்பேன்.

அந்தச் சட்டத்தை முழுதாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் அப்படியே விட வேண்டும் என்று மட்டும்தான் அன்றைக்கு என் மனம் ஓடியது. பின்பக்கம் எப்படியும் திறந்துதான் கிடந்தது. அங்கிருந்தே இரண்டடி நீளத்துக்கு ஒரு கட்டையைப் பசை தடவி அந்த முனையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டிருக்கலாம். ஷீட்டைக் கிழிக்க வேண்டாம், காற்றுவழியைத் தொட வேண்டாம். அரை மணி நேர வேலை. வெட்டி மிஞ்சிய கட்டை கீழே கிடந்தது, அதன்மேல்தான் டீ டம்ளரை வைத்திருந்தேன். இது எனக்குத் தோன்றியது இரண்டு வாரம் கழித்து, வேறொரு வண்டியின் கூரையில்.

அவர் கேட்டபோது “இங்க கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்மா, என்ன செய்யலாம்னு யோசிக்கிறேன்” என்று சொல்லியிருந்தால், சொல்லும்போதே அந்தக் கட்டை என் கண்ணில் பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் யோசனை வரும், மறைக்கும்போது மனம் வேலையை மூடுவதில் இறங்கிவிடும். ஆனால் இதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அரைகுறைச் சந்தேகத்தையெல்லாம் வாடிக்கையாளரிடம் கொட்டுவது பல நேரம் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுகிற வேலை. மழை வருகிற நேரத்தில், மரத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் “நீங்களே சொல்லுங்க” என்று கேட்பது நியாயமா? அவர் கேட்டதோ அதைக்கூட இல்லை. ஏன் இரண்டு முறை என்று மட்டும்தான் கேட்டார். கூர்ந்து பார்த்து, சரியான இடத்தில், சரியான கேள்வி. இத்தனை ஆண்டில் என் குத்தூசியைக் கவனித்த வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவரே கூப்பிட்டார். திரையில் பெயரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, என்ன செய்வது என்று கேட்டார். கீல் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுத் தாழ்ப்பாள் தகட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்தச் சொன்னேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே செய்து பார்த்தார். கதவு ‘க்ளிக்’ என்று விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது.

“வேற ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி, எல்லாம் நல்லா இருக்கு” என்றார்.

மேலே ஏறிப் பார்க்கிறீர்களா, இடதுபக்கம் கால் வைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. “சரிங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது.