நம்ம வெயிலுக்குத் தொட்டித் தூஜா
காரைக்குடிப் பக்கம் குட்டை ஊசியிலைச் செடி வளர்க்க நினைக்கிறவங்க ஸ்ப்ரூஸ், ஃபர் வாங்காதீங்க. குளிர்காலம் இல்லாம அதுங்க தேறாது. குட்டைத் தூஜாவும் சீன ஜூனிபரும் தாங்கும். 12 அங்குல மண்தொட்டி, 2 பங்கு பருமணல், 1 பங்கு செம்மண், 1 பங்கு மட்கிய தொழுவுரம். தேங்காய் நார்த்தூளை அள்ளிப் போட்டா ஐப்பசி மழையில வேர் அழுகிடும்.

வளவு, அதாவது வீட்டு உள்முற்றத்துத் தூணோரம் வச்சா அழகுதான், ஆனா வெயில் பத்தாம செடியோட உள்பக்க இலை பழுத்து உதிரும். மாடியில வைங்க, தட்டோட்டுச் சூடு ஏறாம அடியில செங்கல் கொடுத்து.

சித்திரையில இலை மங்கினா கிளைக்கடியில வெள்ளைத்தாள் பிடிச்சுத் தட்டுங்க. தாள்ல ஊர்ற பொடிப்புள்ளி சிலந்திப்பேன். இலையடியில தண்ணியைப் பீய்ச்சி அடிங்க. கத்தரிக்கிறப்போ பச்சை இருக்கிற இடத்தோட நிறுத்திடணும், இலையில்லாத பழைய கட்டை திரும்பத் துளிர்க்காது.