ரெய்டுக்கு ஒன்று, பழனி நடைக்கு வேறொன்று

எங்கள் பையன்கள் கபடி மேட்ச் அன்றைக்குக் களத்தில் இறங்கும் முன் குளுக்கோஸ் பவுடரை உள்ளங்கையில் கொட்டி அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். உதட்டோரம் வெள்ளையாக ஒட்டியிருக்கும். "இறங்குனதும் பவர் ஏறும்ணே" என்பான் எங்கள் ரைடர். ஏறாது. ரெய்டே 30 விநாடி. அந்த மாவு குடலைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதற்குள் இவன் தொட்டுவிட்டோ பிடிபட்டோ முடிந்திருக்கும்.

தசை சுருங்க நேரடியாகச் செலவாவது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு மட்டும்தான். கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குக்கூடச் சரியாகக் காணாது. தீரத் தீர உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் பாயும்போது அதைச் செய்து கொடுப்பது முக்கியமாகத் தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள். முழு வேகத்தில் போனால் பத்து விநாடி வாக்கில் அதுவும் வற்றிவிடும். அதற்குள்ளேயே தசையில் இருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த சர்க்கரை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் உடைய ஆரம்பித்திருக்கும். வேகமான வழிதான், ஆனால் அப்படி உடையும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் சேரும், தசையில் அமிலத்தன்மையும் கூடும்.

பாவம், லாக்டேட்டைத் திட்டாத கோச் கிடையாது. அதையே இதயமும் மற்ற தசைகளும் எடுத்து எரிக்கின்றன. மறுநாள் படியிறங்க முடியாமல் தொடை வலிப்பதற்கும் அது காரணமில்லை. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். பழக்கமில்லாத அசைவில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைவதால் வருவது அந்த வலி.

செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் பெரும்பகுதி இரண்டு மூன்று நிமிட ஓய்வில் திரும்பிவிடும். ஒரே ரைடரை அடுத்தடுத்து அனுப்பாதே என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

கிளைக்கோஜன் தசைகளில் மொத்தமாக 400 கிராம் அளவுக்கும் கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் இருக்கும். செட்டியார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்களே, ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சாமான், அதுபோலத்தான் ஒவ்வொரு தசையும். தொடையில் இருப்பதைத் தோளுக்குக் குளுக்கோஸாக அனுப்ப முடியாது, அதற்கான நொதி தசையில் இல்லை. கல்லீரலில் அது உண்டு, அதனால் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டு எல்லோருக்கும் படியளக்கிறது.

இதே பையன்கள் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கணக்கே வேறு. நிதானமாக நடந்தால் கொழுப்பு நிறைய எரியும். ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒல்லிப் பையனிடமும் கிலோக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் கொடுக்கும், ஆக்சிஜனும் வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைக்கோஜன் பக்கம் சாய்ந்துவிடும். முதல் நாளே ஓட்டமும் நடையுமாகப் போகிறவன் சிங்கம்புணரிக்கு முன்பே திண்ணை தேடுவான். காவடி எடுக்கிற அறுபது வயது ஆச்சி பேசிக்கொண்டே அவனைத் தாண்டிப் போவார். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பதை ஆச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வழியில் கொடுக்கும் பானகத்தை மட்டும் விடக் கூடாது. மணிக்கணக்கில் நடக்கும்போது இனிப்பு நிஜமாகவே உதவும்.

இப்போது ரைடருக்குப் புரோட்டீன் பவுடர் வேண்டுமாம். சரி, வாங்கட்டும். ஆனால் சனிக்கிழமை ராத்திரி லீக் ஆடிவிட்டு ஞாயிறு அரையிறுதி என்றால், காலியான கிளைக்கோஜன் நிரம்ப ஒரு நாள்கூட ஆகலாம். ராத்திரி ஆட்டம் முடிந்ததும் நாலு இட்லி, காலையில் இடியாப்பம், மதியம் வயிறாரச் சோறு. அதற்கப்புறம் பவுடரைப் பற்றிப் பேசலாம்.