படம் தெளிவா இல்லைன்னா உங்க மெஷின் என்ன சொல்லும்?

எதிக்ஸ் கமிட்டி என்றால் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நான் டாக்டர் இல்லை, ப்ரோகிராம் எழுதுகிறவன். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, பாதிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஏ.ஐ. மாடல் ஒன்றை எங்கள் சின்னக் குழு செய்துகொண்டிருந்தது. அதைக் கிராமத்து முகாம்களில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு, எங்களோடு சேர்ந்து வேலை செய்த கண் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். ஐந்து மாதம் ஆனது.

எங்களுக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது உண்மை. இந்த வேலையில் புதிதாக என்ன இருக்கிறது? 2016-லேயே கூகுள் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அந்த மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை 1,28,175 விழித்திரைப் படங்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா என்று நம்மூர் மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. 2018 ஏப்ரலில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்லும் ஐ.டி.எக்ஸ்-டி.ஆர். என்ற கருவிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ரோடு போட்டாகிவிட்டது, நாம் வண்டி ஓட்ட வேண்டியதுதானே என்ற நினைப்பு.

விண்ணப்பத்தை எழுதியது நான்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் மருத்துவத்தில் ஏ.ஐ.க்கென்றே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் பத்து கொள்கைகள்: சுயாதீனம், பாதுகாப்பு, அந்தரங்கம், பொறுப்பு, பாரபட்சமின்மை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். தமிழ்நாடு அரசு 2020-ல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏ.ஐ. கொள்கையிலிருந்தும் இரண்டு வரி எடுத்துப் போட்டேன். 'எங்கள் மாடல் பாரபட்சமற்றது' என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. இப்போது அதைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

கூட்டம் ஒரு புதன்கிழமை மதியம். இந்தக் குழுவின் தலைவர் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, வெளியாளாக இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர்களோடு ஒரு வக்கீல், ஒரு சமூகவியல் ஆசிரியர், மருத்துவமோ அறிவியலோ படிக்காத பொதுநபர் ஒருவர் என்று எல்லாரும் இருந்தார்கள். பொதுநபராக வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் முன்னால் என் விண்ணப்பம் இருந்தது. ஓரமெல்லாம் சிவப்புப் பேனா.

முதல் அடி வக்கீலிடமிருந்து. பெயர், அடையாளம் எல்லாம் நீக்கிவிட்டோம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஸ்லைடில் இருந்த மாதிரிப் படத்தைக் காட்டினார். கேமரா தானாகவே மூலையில் பதித்த நோயாளி எண்ணும் தேதியும் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஃபைல் பெயரை மாற்றிய நாங்கள் படத்தின் மேலேயே அச்சாகியிருந்ததைப் பார்க்கவில்லை. ஆறு மாதமாகத் தினமும் அந்தப் படங்களோடுதான் குடித்தனம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அப்புறம் டீச்சர் கேட்டார்: "படம் தெளிவா இல்லைன்னா உங்க மெஷின் என்ன சொல்லும், தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி ஆபீஸுக்குத் திரும்பி, மங்கலான படங்களாகப் பொறுக்கி மாடலுக்குக் கொடுத்தேன். முக்கால்வாசிக்கு 'பாதிப்பு இல்லை' என்று வந்தது.

யோசித்தால் வேறு எப்படி வரும்? மாடல் தேடுவது விழித்திரையில் இருக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளையும் மஞ்சள் படிவுகளையும். படம் பனிமூட்டமாக இருந்தால் எதுவும் தெரியாது. தெரியவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் அதற்குக் கொடுத்திருந்ததே 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு பதில்கள்தான். 'என்னால் பார்க்க முடியவில்லை' என்று சொல்ல அதற்கு வாயே இல்லை.

அதைவிட மோசமான ஒன்று மறுநாள் தெரிந்தது. பயிற்சிக்குப் படங்களைச் சேர்த்தபோது, மங்கலானவற்றை எல்லாம் 'ரிஜெக்ட்' என்ற ஃபோல்டரில் தள்ளியிருந்தோம். அதைத் திறந்து வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். கண்புரை இருந்தால் விழித்திரைப் படம் மங்கலாகத்தான் விழும். வயதானவர்களுக்குக் கண்மணியும் லேசில் விரியாது. ஆக, யாருக்காக முகாம் போடுகிறோமோ அவர்களையே வடிகட்டித் தள்ளிவிட்டு, மிச்சம் இருந்தவர்களை வைத்துத் துல்லியம் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறோம். 'பாரபட்சமற்றது' என்று நான் எழுதியது இந்த மாடலைத்தான்.

ரிஜெக்ட் ஃபோல்டரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். படத்தின் தரத்தை முதலில் பார்க்கத் தனியாக ஒரு சின்ன மாடல். தரம் போதாது என்றால் 'பார்க்க முடியவில்லை' என்று மூன்றாவது பதில். ஒட்டுமொத்தக் கணக்கில் எங்கள் துல்லிய எண் இறங்கியது. மேலாளர் முகம் சுண்டிப்போனது. "முதலீட்டாளர்கிட்ட இதையா காட்டுறது?" என்றார். பழைய எண்ணைக் காட்டினால் கமிட்டி கேட்கும் என்றேன். உண்மையில் எனக்கே அதைக் காட்ட மனசு வரவில்லை. கமிட்டியின் பெயரைச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

சரி, முடிந்தது என்று இரண்டாவது கூட்டத்துக்குப் போனால், சமூகவியல் ஆசிரியர் 2020-ல் வந்த ஓர் ஆய்வைக் கையில் வைத்திருந்தார். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் இதே மாதிரிக் கருவியை வைத்தபோது நடந்தது அது. அங்கே கருவி கறாராக இருந்தது. நர்ஸ்கள் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. பல இடங்களில் இருட்டாக்க வசதியான அறை இல்லை, படம் தெளிவாக விழவில்லை. படம் திரும்பினால் நோயாளி இன்னொரு நாள் வேறு ஊர் போய் நிபுணரைப் பார்க்க வேண்டும். "உங்க முகாம்ல 'பார்க்க முடியல'ன்னு வந்தா, அந்தம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டு டவுனுக்கு வரணும். பஸ் காசு யார் குடுக்கறது?" என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. எவ்வளவு தெளிவு இருந்தால் படத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்ற வரம்பை எங்கே வைப்பது என்பதை நான் ஒரு கணக்கு என்றே நினைத்திருந்தேன். தளர்த்தினால் நோயைத் தவறவிடுவோம். இறுக்கினால் ஒன்றுமில்லாதவர்களை அலைய விடுவோம். எந்தத் தப்பு பரவாயில்லை என்பதை ராத்திரி பதினொரு மணிக்கு நான் தனியாக உட்கார்ந்து 0.6, 0.7 என்று தட்டி முடிவு செய்திருக்கக் கூடாதுதான். மூன்று டாக்டர்கள், முகாமை நடத்தும் அக்கா, நான் என்று உட்கார்ந்து ஒரு முழு நாள் பேசினோம். வந்த முடிவுகளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதே இல்லை. கேமரா இருக்கும் இடத்தில் கறுப்புத் திரை. படம் விழவில்லை என்றால் ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார வைத்து இன்னொரு தடவை. அப்பவும் இல்லை என்றால் அன்றே முகாமில் இருக்கும் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். டவுனுக்குப் போகவேண்டி வந்தால் பஸ் காசு எங்கள் பட்ஜெட்டில்.

ஒப்புதல் படிவம் தனிக் கதை. முதல் வரைவை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுத்தோம். 'செயற்கை நுண்ணறிவு வழிமுறையின் உணர்திறனை மதிப்பிடும் பொருட்டு' என்று வந்தது. டீச்சர் அதை உரக்கப் படித்துவிட்டு, "எனக்கே மூச்சு வாங்குது" என்று கீழே வைத்தார். முகாம் அக்காதான் கடைசியில் எழுதிக்கொடுத்தார்: 'உங்கள் கண்ணைப் படம் எடுப்போம். அந்தப் படத்தை டாக்டரும் பார்ப்பார், கம்ப்யூட்டரும் பார்க்கும். கம்ப்யூட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. வேண்டாம் என்றால் வேண்டாம், உங்கள் வைத்தியம் எப்போதும் போல நடக்கும்.' கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, எங்கள் ஆள் அல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டு. 'கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக இதில் சேர வேண்டியதில்லை' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னதும் டீச்சர்தான். எனக்கு அது தேவையில்லாத வரியாகத் தெரிந்தது. முகாமின் முதல் நாள், வரிசையில் நின்ற நான்காவது ஆள் கேட்ட முதல் கேள்வியே, "படம் எடுத்தாத்தான் கண்ணாடியா?"

அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை 'பார்க்க முடியவில்லை' என்று வந்தவர்களை வயது, ஆண், பெண் வாரியாகப் பிரித்துத் தர வேண்டும், அவர்களில் எத்தனை பேரை டாக்டர் பார்த்தார் என்பதோடு.

அந்த அறிக்கைக்காகத்தான் இப்போது பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளின் முதல் பதிவைப் பார்த்ததும் அந்தப் பாட்டி ஞாபகம் வந்தார். எழுபது வயதுக்கு மேல். இரண்டு தடவை எடுத்தும் திரையில் அதே மூன்றாவது பதில். டாக்டரிடம் அனுப்பினோம். இரண்டு கண்ணிலும் முற்றிய கண்புரை, அறுவை சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தார். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் பாட்டி சொன்னார்: "மெஷினு தெரியலைன்னு ஒத்துக்கிச்சாம் டீ."