நயினாதீவில் நாகர்கள்

யாழ்ப்பாணத்தில் நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே கூட்டம் இரண்டாகத் தெரிகிறது. வெள்ளை உடுத்தி, பூத்தட்டோடு நாகதீப விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள் ஒருபுறம். அர்ச்சனைச் சாமான் பையோடு நாகபூசணி அம்மனிடம் போகும் நாங்கள் மறுபுறம். படகு என்னவோ ஒன்றுதான். உயிர்காப்பு அங்கி மாட்டச் சொல்லும் பையன் இரண்டு மொழியிலும் அதட்டுகிறான்.

அம்மன் சந்நிதியில் நாகம் படமெடுத்து நிற்க, அதன் நிழலில் அம்மன் இருக்கிறாள். தீபாராதனையின்போது என் கண் அந்தப் படத்தை விட்டு இறங்க மறுத்தது. தலபுராணத்திலும் நாகம் ஓர் அடியார்தான். பூசைக்காகப் பூவை வாயில் கவ்விக் கடலில் நீந்தி வருகிறது, கருடன் வழிமறிக்கிறது, கப்பலில் வந்த வணிகன் இடைப்பட்டுக் காக்கிறான். பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் இன்றும் கடலில் காட்டுகிறார்கள்.

கரையோரமாகச் சிறிது நடந்தால் விகாரை. அங்கே நாகருக்கு வேறு வேடம். மணி ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர்கள், மாமனும் மருமகனுமாகப் போருக்கு நிற்க, புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்கிறது இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம். அம்மன் கோயிலில் பக்தி செய்பவர்கள், இங்கே பிறர் வந்து அடக்கவேண்டிய சண்டைக்காரர்கள்.

அநுராதபுரத்துப் பௌத்தக் கட்டடங்களின் படிக்கட்டு ஓரங்களில் நிற்கும் காவற்கற்களைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது வேடமும் தெரியும். பலதலைப் படம் குடையாக விரிய, ஒரு கையில் பூரண கும்பம், மறு கையில் பூங்கொடி, இடை சற்றே வளைந்து நிற்கும் நாகராஜன். பேரழகன்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசனை நிறுத்தியிருக்கும் இடம் படிக்கட்டு ஓரம். வென்ற சமயம் பழைய வழிபாட்டை அழிக்காமல் வாயிற்காவலுக்கு வைத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லிச் சிங்களவரை மட்டும் குறை பேச நமக்கு வாயில்லை. தமிழ்நாட்டு ஆவுடையார்கோயில் சுவரோவியத்தில் சமணர்கள் கழுவில் கிடக்கிறார்கள். சைவம் கோலோச்சிய ஊரில் சைவன் பிடித்த தூரிகை அது. சமணன் வரைந்திருந்தால் அந்தச் சுவரில் யார் எப்படி இருந்திருப்பார்களோ!

நாகர் கதை சிங்களவருக்கு மட்டும் உரியதன்று. தமிழில் மணிமேகலையும் அதையே சொல்கிறது: மணிபல்லவத் தீவு, ஆசனத்துக்குப் போரிடும் இரு நாக மன்னர், புத்தர். மணிபல்லவம் இந்தத் தீவே என்று கொள்பவர் பலர். அங்கேதான் வைகாசிப் பூரணையில், கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருகிறது. தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை எங்கள் மேடைகள் சௌகரியமாக மறந்துவிடும். இந்தக் கோயிலின் அன்னதான மண்டபம் மறக்கவில்லை. அதன் பெயரே அமுதசுரபி. திருநீறு பூசிய தொண்டர்கள் பரிமாறுவது ஒரு பௌத்தத் துறவியின் பாத்திரத்துப் பெயரில்.

வெயில் ஏறியிருந்தது, பசி வேறு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு சிங்கள அம்மா. விகாரையில் கும்பிட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். பரிமாறியவர் அவரிடம், "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றார். மொழி விளங்கியதோ இல்லையோ, அவர் இலையை முன்னால் நகர்த்தினார்.