வகுப்பில் வைத்துப் பெயர் வாசிக்காதீர்கள்

என் அக்கா மகள் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் கடலூரில் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறாள், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். போன வாரம் வகுப்பில் எல்லார் முன்னாலும் "எஸ்சி ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எழுந்து நில்லுங்க" என்று சொல்லிப் பெயர் வாசித்திருக்கிறார்கள். அப்புறம் இரண்டு நாள் அவள் கல்லூரிக்கே போகவில்லை. படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டார்களாம். சரி, அதற்கு போனில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அலுவலகத்துக்கு வரச் சொன்னால் போதாதா?

கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012-லேயே விதிமுறை கொண்டுவந்தது. அந்த அதிகாரி யார், எந்த அறையில் இருப்பார் என்று அவளிடம் கேட்டேன், தெரியவில்லை. சேர்ந்த முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது அவளுக்குப் பெரிய பலம். ஆனால் உதவித்தொகை தாமதமானால் அது வரும்வரை தேர்வுக் கட்டணம் கேட்டு நெருக்காமல் இருப்பதும், தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் பாடத்தைத் தமிழிலும் ஒருமுறை விளக்குவதும் கல்லூரி கையில்தான் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு, ஆனால் அவள் கல்லூரியில் ஆய்வகம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை.

திங்கட்கிழமை அக்காவோடு போய் முதல்வரைப் பார்க்கப்போகிறேன்.