நம்பர் எடுத்தாச்சு, கண்ணைப் பார்த்தாச்சா?

ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். இப்போது வயது 41. நடுவில் எத்தனை முறை பவர் மாறியது என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வந்து, கண் செக்கப் முடிந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று ஓர் ஆப்டோமெட்ரிஸ்டிடம் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி, லென்ஸ் எழுதித் தருபவர்) போனேன். பவர் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "கடைசியா சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்தது எப்போ சார்?"

பார்த்ததே இல்லை. மைனஸ் 6 பவரை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முப்பது வருடமாக.

திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அப்ப லென்ஸ் அப்புறம், முதல்ல கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் அங்கே இருந்தேன். நான் இத்தனை நாள் கண் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தது அதில் முதல் கால் மணி நேரம்தான்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியும் எனக்குப் பாதி தெரியாமல்தான் இருந்தது. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் தூரத்தில் ஒரு பலூன் தெரியுமே, அந்த மிஷின். படம் மங்கிப் பிறகு தெளிவாகும். சும்மா நம்மை அசையாமல் உட்கார வைக்கத்தான் அந்தப் பலூன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தூரப் பார்வைக்குத் தளர வைப்பதற்காகத்தான் வேண்டுமென்றே மங்க வைக்கிறார்கள். அது கொடுக்கும் நம்பர் ஒரு தொடக்கப்புள்ளி, அதை அப்படியே கண்ணாடியாக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கல், அவர்கள் கண் தசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இல்லாத மைனஸைக் காட்டிவிடும், இருக்கிற ப்ளஸை ஒளித்துவிடும். அதனால் தசையைத் தளர்த்தும் சொட்டு விட்டு, கையில் ஒரு ஒளிக்கோட்டுக் கருவியை வைத்துக் கண்ணுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே நம்பர் எடுத்துவிடுவார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் எடுக்கலாம். உங்கள் பிள்ளைக்கு முதல் கண்ணாடி, சொட்டே விடாமல் எழுதித் தருகிறார்கள் என்றால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம் "இதுவா, அதுவா?" பரீட்சை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இதில் ஒரு பயம், தப்பாகச் சொல்லிவிட்டால் தப்பான கண்ணாடி வந்துவிடுமே என்று. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு குத்துமதிப்பாக ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவேன். இந்த முறை கேட்டேவிட்டேன். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்வது) பார்க்கும்போது, இரண்டும் ஒன்றாகத் தெரிகிற அந்த இடத்தைத்தான் அவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்களாம்! "ரெண்டும் ஒண்ணு"தான் சரியான விடை. முப்பது வருடமாகச் சரியான விடையை மென்று முழுங்கியிருக்கிறேன். சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துக் காட்டுவதும் அந்த வகைதான், பச்சையில் எழுத்து கூடுதல் கறுப்பாகத் தெரிந்தால் மைனஸ் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

முடிவில் 6/6 என்று எழுதினார். ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862இல் கொண்டுவந்த பலகையின் கணக்கு அது. 6/18 என்றால் மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை நாம் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிகிறது. சரி, கண்ணாடியோடு 6/6 வந்துவிட்டதே, கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பலகை நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கிறது, கிளாகோமா (கண் அழுத்தத்தோடு தொடர்புடைய, கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) வந்தால் நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும்தான் முதலில் அரிக்கும், கடைசி வரை பலகையைப் படித்துக்கொண்டே இருக்கலாம் என்றார். எங்கள் அப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்தது. அதை அப்போதுதான் சொன்னேன், அவர் கேட்ட பிறகு.

கண் அழுத்தத்தை அளக்கக் காற்று ஊதும் மிஷினில் வலது கண் 22 காட்டியது. 10 முதல் 21 வரை இயல்பு. எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் ஊதும்போது நான் இமையை இறுக்கியிருக்கிறேன், அதுவே கணக்கைக் கூட்டிவிடும். மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்ன முனையைக் கருவிழி மேல் மெல்ல வைத்து அளந்தபோது 19. கருவிழியின் தடிமனையும் அளந்தார், சராசரியாக ஏறத்தாழ 540 மைக்ரான் இருக்குமாம், எனக்கு 570. தடித்த கருவிழி அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், மெலிந்தது குறைத்துக் காட்டும். அழுத்தம் இயல்பாக இருந்தும் கிளாகோமா வருகிறவர்கள் உண்டு என்பதால் அப்பா கதையை வைத்துப் பார்வைப் புலச் சோதனையும் செய்துவிடலாம் என்றார்.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, சுற்றிலும் எங்காவது வெளிச்சப்பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதி நேரம் எதுவும் தெரியவில்லை. கண் போய்விட்டது என்று நினைத்துப் பயத்தில் இல்லாத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்தித் தள்ளினேன். நமக்குத் தெரிகிற எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே மங்கலாக்கிக்கொண்டே போகும் மிஷின் அது. பாதிப் பொட்டுகள் தெரியாமல் போவதுதான் வழக்கம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் முதல் சுற்று வீணாகியிருக்காது. முன்கூட்டியே சொல்கிறேன், நீங்கள் பதறாதீர்கள்.

கடைசியாகக் கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு. அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், அதற்குப் பிறகு சில மணி நேரத்துக்குக் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. இதற்காகத்தான் இத்தனை நாள் இதைத் தள்ளிப்போட்டேன். விழித்திரையின் ஓரத்தில் இரண்டு இடத்தில் மெலிந்திருக்கிறது என்று சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். மைனஸ் அதிகமாக இருக்கும் கண் நீளமாக இருக்கும், அதனால் விழித்திரை இழுபட்டு இப்படி மெலிவது உண்டு. மருத்துவர் இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றார். ஆனால் மின்னல் அடிப்பது போல் தெரிந்தாலோ, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவது போல் இருந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் இந்தச் சொட்டுப் பரிசோதனை ஆண்டுதோறும் தேவை, பார்வை நன்றாக இருக்கும்போதே.

லென்ஸ் கதைக்கு வருகிறேன்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை லென்ஸ் வாங்கினேன். கண்ணாடிச் சீட்டை நீட்டினேன், அதே நம்பரில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். முதல் நாள் போட்டதே தெரியவில்லை, அத்தனை சுகம். இரண்டு வாரத்தில் கண் சிவந்து எரிய ஆரம்பித்தது. என் கண்ணுக்கு லென்ஸ் ஒத்துக்காது என்று முடிவு கட்டித் தூக்கிப் போட்டேன். இருபது வருடம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இப்போதுதான் தெரிகிறது, அதில் எத்தனை தப்பு என்று. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண் மேலேயே இருக்கிறது. மைனஸ் 4க்கு மேல் போனால் இந்த இடைவெளிக்காகப் பவரை மாற்ற வேண்டும். என் மைனஸ் 6, லென்ஸில் கிட்டத்தட்ட ஐந்தரைதான். அடுத்து வளைவு. கருவிழியின் வளைவை அளந்து, அதற்குப் பொருந்துகிற உள்வளைவும் விட்டமும் உள்ள லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கண்ணாடிச் சீட்டில் இந்த இரண்டு எண்ணுமே இருக்காது. கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்து, கூம்பு மாதிரி புடைக்கிற நோயின் அறிகுறி ஏதும் இல்லை என்றும் பார்த்துக்கொண்டார். ஏற்கெனவே லென்ஸ் போடுகிறவர்கள் இந்த அளவெடுப்புக்குச் சில நாள் முன்பே கழற்றிவிட வேண்டும், லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே லேசாக மாற்றியிருக்கும்.

கண்ணீரையும் சோதித்தார். சாயம் விட்டு, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, ஈரப்படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுகிறார்கள். பத்து நொடிக்குக் கீழே போனால் சந்தேகம். எனக்கு ஏழு. மேல் இமையைத் திருப்பி உள்பக்கம் தடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார் (இது வலிக்காது, ஆனால் சுகமும் இல்லை). வறட்சி இருப்பதால் தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறிகிற வகையே நல்லது என்று முடிவாயிற்று.

பிறகு சோதனை லென்ஸ். போட்டுக் கால் மணி நேரம் உட்கார வைத்து, ஸ்லிட் லாம்ப் (ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் லென்ஸ் துளியளவு நகர வேண்டும், கீழ் இமையால் மெல்லத் தள்ளினால் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். நகர்ந்தால்தான் அடியில் புதுக் கண்ணீர் போய்வரும். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, விழித்திருக்கும்போது ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான். "இறுக்கமா உட்கார்ற லென்ஸ் முதல் நாள் ரொம்ப சுகமா இருக்கும் சார், ஆடாது பாருங்க" என்றார். என் கல்லூரி லென்ஸ் ஞாபகம் வந்தது.

எனக்குச் சிலிண்டர் பவரும் இருப்பதால் டோரிக் லென்ஸ். அதன் அடிப்பக்கம் ஒரு சின்னக் குறி இருக்கும், அது ஆறு மணி முள் இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும். பத்து டிகிரி சுழன்றாலே சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். என் வலது லென்ஸ் சுழன்றது, அதைக் கணக்கில் எடுத்து ஆக்சிஸை (சிலிண்டரின் கோணத்தை) மாற்றி வேறொன்று போட்டுப் பார்த்தார். நின்றது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது செல்போனை எடுத்தேன், எழுத்து மங்கல். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியோடு படிக்கும்போது கண் கொஞ்சம் குறைவாகத்தான் உழைக்கும், லென்ஸில் அந்தச் சலுகை இல்லை. நாற்பதுக்கு மேல் லென்ஸுக்கு மாறினால் ஒளிந்திருந்த வெள்ளெழுத்து வெளியே வந்துவிடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கலாம், தூரமும் கிட்டமும் சேர்ந்த மல்டிஃபோக்கல் போடலாம், இல்லையென்றால் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி. கண்ணாடியைத் தவிர்க்க லென்ஸ் வாங்க வந்தவனிடம் லென்ஸ் மேல் கண்ணாடி போடு என்றால் எப்படி இருக்கும்? முறைத்தேன். கொஞ்ச நாள் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்.

போடவும் கழற்றவும் கற்றுக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆனது. விரல் நுனியில் வைத்து ஓரம் கிண்ணம் போல் நிமிர்ந்திருக்கிறதா, வெளியே விரிகிறதா என்று பார்க்க வேண்டும், விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் குரல் மாறியது. குழாய்த் தண்ணீர், குளியல், நீச்சல் எதுவும் லென்ஸோடு ஆகாது. தண்ணீரில் இருக்கும் அக்காந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டி வரும். போட்டபடி தூங்கக் கூடாது. கண் சிவந்தால், வலித்தால், முதல் வேலை கழற்றுவது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார், வரும்போது சில மணி நேரமாவது லென்ஸ் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நேற்றுப் போனேன். லென்ஸ் ஒழுங்காக நகர்கிறது, குறி ஆறு மணியில் நிற்கிறது, பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டேன். அச்சடித்துக் கொடுத்த லென்ஸ் சீட்டைப் படிக்கத்தான் கையை முழு நீளத்துக்கு நீட்ட வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை, மேஜையில் இருந்த படிக்கும் கண்ணாடி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.